வித்தை துரோகமாகுமா?

கெட்டிக்காரப் பிள்ளையொருவன் மேற்படிப்புக்காகத் தூரதேசம் போக வேண்டுமென்று வாய் திறந்த மாத்திரத்தில், பெற்ற கடனை மறந்தவன் என்று பெரியவர்கள் மனம் நொந்து பேசுவதும், அந்தப் பேச்சுக்கு அஞ்சி அவன் தன் ஆசையை அப்படியே விழுங்கிவிடுவதும் நம் வீடுகளில் நித்தியம் நடக்கிற காரியங்கள். வித்தையில் வைத்த ஆசை குடும்பத்துக்குச் செய்த துரோகம் என்னும் இந்த அபிப்பிராயம், எத்தனை நல்லவர்கள் வாயிலிருந்து வந்தாலும், முழுப் பிசகு என்பதே என் துணிபு.

கணித மேதை ராமானுஜனின் சரித்திரத்தைப் பாருங்கள். தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. பிள்ளையோ கணிதமொன்றிலேயே லயித்துப்போய் எப்.ஏ. என்ற கல்லூரிப் பரீட்சையில் தவறியவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிடைத்த குமாஸ்தா உத்தியோகத்தை ஆயுள் முழுதும் பார்த்திருந்தால், ஊரார் அவரை உத்தம புத்திரர் என்றிருப்பார்கள். ஆனால் மறுவருஷமே சென்னைப் பல்கலைக்கழகம் அவருடைய ஆராய்ச்சிக்கென்று மாதம் 75 ரூபாய் அளித்தது. 1914-இல் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டபோது வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் ஏற்பட்டு, அதில் ஒரு பங்கு கும்பகோணத்து வீட்டுக்கே போய்ச் சேரும்படி ஏற்பாடாயிற்று. குடும்பத்துக்குக் கைகொடுத்தது எது? குமாஸ்தா வேலையா, கணிதமா?

பாசம் குறைந்தவர் அவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடல் கடக்கலாகாது என்ற ஆசாரத்துக்குக் கட்டுப்பட்டு முதலில் மறுத்தவர், தாயாரின் சம்மதம் கிடைத்த பிறகே பிரயாணத்துக்கு இசைந்தார். குடுமியைக் களைந்து சீமை உடை தரிக்கும் கோலத்தைத் தாயும் மனைவியும் காணச் சகிக்கமாட்டார்களென்று, கப்பலேறுமுன் அவர்களை ஊருக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். நோயுற்றுத் திரும்பவிருந்த 1919-இலும், தமக்கு வரும் பணத்தில் பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் போக, தம் செலவுக்கு மிஞ்சியதை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்குச் செலவிட வேண்டுமென்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

எல்லா வீட்டிலும் ராமானுஜன் பிறப்பதில்லை என்பீர்கள், வாஸ்தவம். அடுத்த மாத அரிசிக்கு மூத்த பிள்ளையின் சம்பாத்தியத்தையே நம்பியிருக்கும் வீட்டின் கஷ்டமும் பொய்யல்ல. ஆனால் அந்தக் கஷ்டம் தரித்திரத்தால் வந்தது, படிப்பால் வந்ததன்று. சமூகம் தாங்க வேண்டிய பாரத்தைப் பதினேழு வயதுப் பையன் தலையிலும், அவனைவிட எளிதாகப் பெண் தலையிலும் ஏற்றிவிட்டு, அதற்குப் பாசமென்று பெயர் சூட்டுவது அநியாயம்.

ஆகவே உபகாரச் சம்பளம் வழங்குகிறவர்கள் கல்லூரிக் கட்டணத்தோடு நின்றுவிடாமல், அன்று ராமானுஜனுக்குச் செய்ததைப் போல வீட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்கட்டும். பெற்றவர்களும் மனமுவந்து பிள்ளைகளுக்கு விடை கொடுக்கட்டும்.