எண்ணும் எண்ணெயும்

"நூற்றைம்பதுக்குக் கீழே எடுத்தால் அது ஒரு ஸ்கோரா, சார்?" என்று கேட்டார் ஒரு நண்பர். கேட்டார் என்பதைவிடத் தீர்ப்புச் சொன்னார் என்பதே பொருத்தம்.

இடம், அமெரிக்காவில் ஒரு பௌலிங் கூடம். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பேரன் அன்று 92 எடுத்திருந்தான். அதுவரை துள்ளிக்கொண்டிருந்த பையன், நண்பரின் வாக்கைக் கேட்டதும் வாடகைப் பூட்ஸின் கயிற்றை அவிழ்ப்பதில் அபாரமான கவனம் செலுத்த ஆரம்பித்தான். நான் எடுத்தது 41. என்னை அவர் பொருட்படுத்தவே இல்லை. கிழவன் என்று மன்னித்திருக்க வேண்டும்.

அன்று எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. விஷயம் தெரியாததுதான் காரணம். பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பின் கோபம் தணியவில்லை, வளர்ந்துவிட்டது.

ஆட்டம் இதுதான். அறுபது அடிக்கு அப்பால் பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிற்கின்றன. பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். ஆட்டத்துக்குப் பத்துச் சுற்று, சுற்றுக்கு இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் 'ஸ்டிரைக்'. அடுத்த இரண்டு பந்துகளின் கணக்கும் கூடச் சேரும். இரண்டாவது பந்தில் மிச்சத்தைத் தீர்த்தால் 'ஸ்பேர்'. அடுத்த ஒரு பந்தின் கணக்கு சேரும். பன்னிரண்டு ஸ்டிரைக் தொடர்ந்து விழுந்தால் 300. அதற்கு மேல் கிடையாது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒருவன் ஒவ்வொரு சுற்றிலும் முதல் பந்தில் ஒன்பது கட்டைகளைச் சாய்க்கிறான். மிஞ்சிய ஒன்றை ஒவ்வொரு தடவையும் தவற விடுகிறான். அவன் கணக்கு 90. இன்னொருவனும் அதே ஒன்பதுதான் சாய்க்கிறான். ஆனால் மிஞ்சிய ஒற்றைக் கட்டையை ஒவ்வொரு தடவையும் தட்டிவிடுகிறான். அவன் கணக்கு 190! ஒரு ஸ்டிரைக்கூட இல்லாமல் நூறு வித்தியாசம். முதல் பந்தின் பலத்தில் இரண்டு பேரும் சமம். மிச்சத்தை முடிப்பவனுக்கும் முடிக்காதவனுக்கும் இடையில்தான் அந்த நூறு நிற்கிறது. 92 எடுத்தவனை அற்பம் என்று ஒதுக்குகிறவர், அவன் நல்ல ஆட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று பார்த்தாரா? தூரம், சுற்றுக்கு ஒரு கட்டை!

"அப்படியானால் நல்ல ஸ்கோர் என்று ஒன்று கிடையவே கிடையாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வழக்கத்தில் ஒரு படிக்கட்டு உண்டு. எப்போதாவது வருகிறவன் நூறைத் தொட்டால் சந்தோஷப்படலாம். வாரந்தோறும் சங்கத்தில் ஆடுகிறவன் 150, 170 என்று சராசரி வைத்திருந்தால் மரியாதையான ஆட்டக்காரன். சராசரி 200 என்றால் கெட்டிக்காரன். இதை நான் மறுக்கவில்லை. இந்தப் படிக்கட்டு எந்தத் தரையின்மேல் நிற்கிறது என்பதே என் கேள்வி.

தரை என்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அந்தப் பலகைத் தளத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் பூசுகிறார்கள். சாதாரணக் கூடங்களில் நடுவில் கனமாகவும் ஓரங்களில் லேசாகவும் பூசுவது வழக்கம். வளைந்து திரும்பும்படி பந்து போடுகிறவன் கை தவறி ஓரமாக விட்டால், உலர்ந்த பலகை பந்தைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். நடுவாக விட்டால், எண்ணெய் அதை வழுக்கிக்கொண்டு நேரே கொண்டுபோகும். பிழை செய்தவனுக்கு இரண்டு பக்கமும் கைத்தாங்கல்! போட்டித் தளங்களிலோ எண்ணெயை ஏறக்குறைய ஒரே சீராகப் பரப்புகிறார்கள். அங்கே கை தவறினால் தவறியதுதான். கூடத்தில் 200 சராசரி வைத்திருக்கும் வீரர் அங்கே போய் இருபது முப்பது இறங்குவது சர்வ சாதாரணம். எண்ணைச் சொல்லுகிறவர்கள் எண்ணெயைச் சொல்வதில்லை.

கிளென் அலிசன் கதையைப் பாருங்கள். 1982 ஜூலை முதல் தேதி, கலிபோர்னியாவில் லா ஹாப்ரா என்ற ஊரில் அவர் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் ஆடினார். 300, 300, 300. முப்பத்தாறு பந்து, முப்பத்தாறு ஸ்டிரைக். அதற்கு முன் சங்க ஏட்டில் ஏறாத 900. அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் தளத்தைச் சோதித்தது. எண்ணெய் விதிப்படி இல்லை என்று சொல்லிக் கணக்கை ஏற்க மறுத்துவிட்டது. 1997-ல் ஜெரமி சொன்னன்ஃபெல்ட் என்ற மாணவர் நெப்ராஸ்காவில் எடுத்த 900-தான் ஏட்டில் ஏறிய முதலாவது. அலிசன் எடுத்தது நல்ல ஸ்கோரா, இல்லையா? கட்டைகளைக் கேட்டால் முப்பத்தாறு தடவை விழுந்தோம் என்று சொல்லும். ஏட்டைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். உச்சியில் இருக்கும் 900-க்கே இந்தக் கதி என்றால், நண்பரின் 150 எந்த மூலைக்கு?

ஏடு யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். 1895-ல் தொடங்கிய அந்தக் காங்கிரஸ், வெள்ளையர் அல்லாதாரை உறுப்பினராகச் சேர்க்காத விதியை 1950-ல்தான் நீக்கிற்று. அதுவரை ஒரு நீக்ரோத் தொழிலாளி எத்தனை ஸ்டிரைக் உருட்டியிருந்தாலும் அவன் எண்ணுக்கு அங்கே இடமில்லை. எண்ணுக்கு நிறம் கிடையாது என்கிறார்கள். எழுதுகிற கைக்கு இருந்ததே!

"அளவுகோலே வேண்டாம் என்றால் முன்னேற்றம் எப்படி?" என்று நண்பர் மடக்கக்கூடும். நான் அளவுகோலை முறிக்கச் சொல்லவில்லை. அதே சங்கங்களில் உள்ள 'ஹாண்டிகாப்' என்ற ஏற்பாட்டைப் பாருங்கள். பல இடங்களில் 220-லிருந்து ஆட்டக்காரனின் சராசரியைக் கழித்து, மிச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அவனுக்குச் சலுகையாகக் கொடுக்கிறார்கள். சராசரி 120 உள்ளவனுக்கு 90 கிடைக்கும். 190 உள்ளவனுக்கு 27. முன்னவன் தன் சராசரியை ஆடினால் 210, பின்னவனுக்கு 217. கெட்டிக்காரனுக்குச் சிறிது அனுகூலம் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் எளியவன் அன்று தன் சராசரியைவிடப் பத்து அதிகம் உருட்டினால் போதும், ஜெயித்துவிடுவான். அதாவது, நேற்றைய தன்னை மிஞ்சியவனுக்கே வெற்றி. இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

கடைசிச் சுற்றில் என் பேரன் ஒரு காரியம் செய்தான். வலது கோடியில் ஒற்றைக் கட்டை நின்றது. வாய்க்காலை ஒட்டி நிற்கும் அதைத் தொடுவது சுலபமில்லை. பையன் மூச்சை அடக்கிக்கொண்டு உருட்டி அதைச் சாய்த்தான். நண்பர் பார்க்கவில்லை. அவர் மேலே திரையில் கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பையன் கேட்டான்: "தாத்தா, 92 மோசமா?"

"போன தடவை எத்தனை?" என்றேன்.

"71."

"அப்படியானால் இன்றைக்கு நீ எடுத்தது நல்ல ஸ்கோர்தான்" என்றேன்.