பரீட்சை விமானிக்கு மட்டும்தானா?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் பெரிய விமான நிலையங்களில் ஜனங்கள் பெட்டிகளோடு தரையில் கிடந்தார்கள். டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாட்களில் இண்டிகோ கம்பெனி சுமார் 2,500 விமானங்களை ரத்து செய்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அவதிப்பட்டார்கள். விமானிகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. விமானிக்குப் போதிய ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற புதிய விதி நவம்பர் 1-ந் தேதி முழுமையாக அமலுக்கு வந்தது. அதற்கு வேண்டிய ஆட்கள் கம்பெனியிடம் இல்லை. மூலகாரணம் இதுதான்.

சர்க்கார் என்ன செய்தது? விதியைத் தளர்த்தியது!

இந்த ஒரு செய்கையை முன்னால் வைத்துக்கொண்டு, விமானி லைசென்ஸ் என்ற ஏற்பாட்டையே நாம் பரிசீலிக்க விரும்புகிறோம். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்றிருக்கும் தோழர்கள் நம் வாசகர்களில் அநேகர். அவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு.

பயணிகள் விமானத்தை ஓட்டிச் சம்பளம் வாங்க ஒருவன் என்னென்ன வாசல்களைத் தாண்ட வேண்டும்? வயது 18 ஆக வேண்டும். பௌதிகமும் கணிதமும் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் தேற வேண்டும் என்பது நெடுநாளைய நிபந்தனை. கண், காது, இருதயம் எல்லாம் டாக்டர்கள் சோதித்து முதல் வகுப்பு உடல் தகுதிச் சான்று தர வேண்டும். விமானச் சட்டம், வானிலை, திசையறிதல், இயந்திர நுட்பம் ஆகியவற்றில் எழுத்துப் பரீட்சை. வானொலியில் பேசுவதற்குத் தனிப் பரீட்சை. இவற்றோடு 200 மணி நேரம் ஆகாயத்தில் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். காப்டனாகிப் பெரிய விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்கத் தேவையான மேல் லைசென்ஸுக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் பரீட்சை ஓய்வதில்லை. எந்த ரக விமானமோ அந்த ரகத்துக்குத் தனித் தகுதி பெற வேண்டும். ஆறு மாதத்துக்கொரு தடவை திறமைச் சோதனை. ஆண்டுதோறும் டாக்டரிடம் போக வேண்டும். குடித்திருப்பதாக மூச்சுப் பரிசோதனையில் முதல் தடவை தெரிந்தால் லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். இரண்டாம் தடவை மூன்று வருடம். மூன்றாம் தடவை அதோடு தீர்ந்தது.

இந்தக் கண்டிப்பை நாம் குறை கூறவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து பறப்பவனிடம் இதற்குக் குறைவாக எதிர்பார்க்க முடியாது. 2011-ல் போலி மதிப்பெண் பட்டியலைக் காட்டி மேல் லைசென்ஸ் வாங்கிய விமானிகள் சிலர் பிடிபட்டார்கள், கைது செய்யப்பட்டார்கள். சரியான நடவடிக்கைதான்.

ஆனால் சட்டப் புத்தகத்தில் எழுதாத ஒரு பரீட்சை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. அது பணப் பரீட்சை. அந்த 200 மணி நேரத்தை எங்கே பறப்பது? பறக்கும் பள்ளியில் பணம் கட்டித்தான். உத்தரப் பிரதேசத்தில் புர்சத்கஞ்ச் என்ற ஊரில் மத்திய சர்க்காரின் ஆதரவில் நடக்கும் அகாடமியிலேயே கட்டணம் நாற்பது லட்சம் ரூபாய்க்கு மேல். பிறகு ரகத் தகுதிக்கு மேலும் பல லட்சம். கம்பெனிகளே ஆள் எடுத்துப் பயிற்சி தரும் திட்டங்கள் உண்டு. அங்கே கணக்கு ஒரு கோடியை எட்டுகிறது. பஞ்சாலைத் தொழிலாளியின் மகன் பௌதிகத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினால் ஆவதென்ன? வீட்டை அடமானம் வைக்கலாம், வீடு இருந்தால்.

இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ் 1929 பிப்ரவரி 10-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டாவின் கைக்குப் போயிற்று. அவர் கெட்டிக்கார விமானி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த முதல் லைசென்ஸ் ஒரு முதலாளி வீட்டுக்குப் போனது தற்செயல் என்றும் நாம் நம்பவில்லை.

இப்போது ராணுவத்தின் பக்கம் பாருங்கள். 1944-ம் வருடத்துச் சிக்காகோ ஒப்பந்தம் சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். ராணுவ விமானம் அதற்கு வெளியே. ஆகவே போர் விமானி சிவில் லைசென்ஸ் இல்லாமலே பறக்கிறான். அதனால் அவன் பரீட்சை இல்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்துப் பரீட்சை, பல நாள் நீடிக்கும் நேர்முகத் தேர்வு, கடுமையான உடல் சோதனை எல்லாம் தாண்டித்தான் ஐதராபாத் அருகே துண்டிகல் அகாடமிக்குள் கால் வைக்க முடியும். போதிக்கிறவர்களுக்கே போதிப்பதற்கென்று நமது தாம்பரத்தில் விமானப்படை ஒரு பள்ளி நடத்துகிறது. தரத்தை அவர்கள் அவ்வளவு கவனமாகக் காக்கிறார்கள். ஆனால் அந்த வாலிபனிடம் யாரும் லட்சங்கள் கேட்பதில்லை. செலவு முழுவதும் சர்க்காருடையது. பயிற்சியின் கடைசி வருடத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளை அங்கே விமானியாகலாம். 2016-லிருந்து பெண்கள் போர் விமானமே ஓட்டுகிறார்கள். படையிலிருந்து விலகி வருபவர்கள் சிவில் பரீட்சைகளை எழுதி லைசென்ஸ் பெறுகிறார்கள். பறந்த மணிகள் கணக்கில் சேருகின்றன. ஆக, சர்க்கார் செலவில் உருவான விமானியைத் தனியார் கம்பெனி காலணாச் செலவில்லாமல் எடுத்துக்கொள்கிறது.

குண்டு போடும் விமானத்துக்கு ஆள் தயார் செய்யப் பொதுப்பணம் உண்டு. ஜனங்களை ஏற்றிச் செல்லும் விமானத்துக்கு ஆள் வேண்டுமென்றால் அவனுடைய தகப்பனார் கடன் வாங்கட்டும்! இது என்ன நியாயம்? ரயில் என்ஜின் டிரைவரைப் பணம் கட்டிவிட்டு வா என்று ரயில்வே சொல்வதில்லை. தானே பயிற்சி கொடுக்கிறது. அந்த டிரைவர்களும் ஓய்வுக்காகப் போராடத்தான் வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. 2024 ஜூனில் தென்னக ரயில்வே டிரைவர்கள் கேட்டது வேறொன்றுமில்லை, வாரத்துக்கு 46 மணி நேர ஓய்வு.

ஓய்வு என்று சொன்னோம். அதுதான் இங்கே முக்கியப் பிரச்னை.

அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு பபலோ நகரருகே கோல்கன் கம்பெனி விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் மாண்டார்கள். காப்டன் விமானத்தைத் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை கூறிற்று. இருவருடைய களைப்பும் வேலையைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் கூறிற்று. துணை விமானி முந்திய இரவு முழுவதும் நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்குப் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். காப்டன் விமானிகள் அறையிலேயே இரவைக் கழித்தவர். இதன் பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் என்ன செய்தது? துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் வேண்டும் என்று சட்டம் போட்டது. ராணுவத்திலிருந்து வருபவருக்கு 750 மணி. வேடிக்கை என்னவென்றால், விழுந்த விமானத்தில் இருந்த இருவருமே 2,000 மணிக்கு மேல் பறந்தவர்கள்! ஓய்வு விதியும் 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது; ஆனால் சரக்கு விமானங்களை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். செலவு கட்டுப்படியாகாது என்பது காரணம். சரக்கு விமானியின் கண்ணுக்கு மட்டும் இரவில் தூக்கம் வராதோ?

நமது நாட்டுக்குத் திரும்புவோம். 2024 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் புதிய விதியை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகும். இரவு வேளையில் தரையிறங்கும் தடவை ஆறிலிருந்து இரண்டாகக் குறையும். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இரவாகக் கொள்ளப்படும். முன்பு 5 மணியோடு முடிந்தது. 2024 ஜூன் 1-ல் அமலாக வேண்டியது. கம்பெனிகள் கூக்குரலிட்டன; தேதி தள்ளிப்போடப்பட்டது. விமானிகளின் சங்கங்கள் டெல்லி ஹைகோர்ட்டில் வழக்காடித்தான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு தவணைகளில் விதிக்கு உயிர் வந்தது.

கணக்குப் போடுங்கள். கம்பெனிக்குக் கிடைத்த அவகாசம் 22 மாதம். ஒரு விமானிக்கு 22 மாத அவகாசம் கொடுத்த பிறகும் அவன் திறமைச் சோதனையில் தவறினால், சோதனையை எளிதாக்குகிறோம் என்று எந்த அதிகாரியாவது சொல்வாரா? ஆனால் கம்பெனி தவறியபோது அதுதான் நடந்தது. உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் ஏற்றிச் செல்லும் கம்பெனி அது. அதன் கையிலுள்ள பிடி அப்படிப்பட்டது. டிசம்பர் 5-ந் தேதி, வார ஓய்வுக்குப் பதில் லீவைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற ஷரத்து எல்லாக் கம்பெனிகளுக்கும் வாபஸாயிற்று. இரவு வேலைக் கட்டுப்பாட்டிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது.

தண்டனையும் கொடுத்தார்களே என்று சிலர் சொல்லலாம். ஆம், 2026 ஜனவரியில் சுமார் 22 கோடி ரூபாய் அபராதம். 2024-25-ல் அந்தக் கம்பெனியின் லாபம் 7,258 கோடி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 கோடி. அதாவது ஒரு நாள் லாபத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு தடவை மூச்சுப் பரிசோதனையில் தவறும் விமானி இழப்பதோ மூன்று மாத லைசென்ஸ்!

விமானிகளுக்கென்ன, கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்கள் தானே என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சம்பளம் அதிகம் என்பது உண்மை. லட்சக்கணக்கான கடனோடு வேலைக்கு வருகிறவன் களைப்பாக இருக்கிறது, இன்று ஓட்ட முடியாது என்று சொல்லத் தயங்குவான் என்பதும் அதே அளவு உண்மை. பணப் பரீட்சையும் ஓய்வுப் பிரச்னையும் சந்திக்கும் இடம் அதுதான். அதிகாலை மூன்று மணிக்கு அவன் கண் சொக்கினால் சேதம் அவனோடு நிற்காது.

ஆகவே நாம் கேட்பது இவை. துண்டிகல்லில் செய்வதைச் சிவில் விமானிக்கும் செய்யட்டும்: தகுதியால் தேர்ந்தெடுத்து, சர்க்கார் செலவில் பயிற்சி கொடுத்து, அந்தச் செலவை விமானக் கம்பெனிகளிடம் வசூலிக்கட்டும். ஓய்வு விதிக்கு ஏற்ற விமானிகளின் எண்ணிக்கையைக் காட்டாத கம்பெனிக்குப் புதுப் பருவத்தின் கால அட்டவணையை அனுமதிக்கக் கூடாது. விமானிகளின் சங்கங்களைக் கேட்காமல் ஓய்வு விதியில் ஒரு வரியைக்கூடத் தளர்த்தக் கூடாது. டிசம்பர் 5-ல் வாபஸான ஷரத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.