மூன்று கல்லும் ஒரு சிற்றடுப்பும்

விடுமுறை வந்தாற் போதும். யாழ்ப்பாணத்து இளைஞர் இருவர் மூவராகச் சேர்ந்து மோட்டார் சைக்கிளேறிக் கண்டி வீதி வழியே மலைநாடு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர். கூடாரம் ஒரு பொதி, படுக்கைப்பை ஒரு பொதி, மடித்து வைக்கத்தக்க சிற்றடுப்பு ஒன்று. வழிநெடுகச் சோற்றுக்கடை இருக்க, வெளியிற் சமைத்துண்பது வெள்ளையரைப் பார்த்துக் கற்ற வேடிக்கை என்று எம்போன்ற முதியோர் சிலர் நகைக்கின்றனர். வேறு சிலர் அடுப்பை மாத்திரம் பழிக்கின்றனர். நம் முன்னோர் மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளி பொறுக்கிச் சமைத்தனரே, அது போதாதா என்பது அவர் வினா.

முன்னவர்க்கு விடை எளிது. முல்லைப்பாட்டுப் படித்தார்க்குக் காட்டிடைப் பாசறை புதிதன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று இன்றும் மரநிழலிற் சமைத்துண்டே வழிநடக்கின்றனர். அவர் எந்த வெள்ளையரைப் பார்த்துக் கற்றனர்?

பின்னவர்க்கே விரிவாக விடை கூறவேண்டும். அவ்வடியார் கல்லடுப்பு மூட்டும் இடம் பெரும்பாலும் கோயில் வெளி, அன்றேல் மணற்றரை. மணல் எரியாது. மலைநாட்டுப் பத்தனைப் புற்றரையோ அத்தகையதன்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாப் பக்கம் உலர்ந்த காற்றாய் இறங்கும். யூன் முதல் செப்டெம்பர் வரை அங்குள்ள புல் பலவிடத்தும் வைக்கோல் போல் நிற்கும். கல்லடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தாற் போதும். 2025 பெப்ருவரியில் எல்ல மலைப்பகுதியிற் பரவிய தீயைப் பத்திரிகைகளிற் கண்டோம். அதனை மூட்டியவர் யார் என்பதன்று என் வினா. மூண்டபின் அந்தச் செங்குத்துச் சரிவில் நீர்கொண்டு ஏறுவார் யார் என்பதே. புல் அடுத்த மழையில் தளிர்த்துவிடும். அதன் ஓரத்தில் நிற்கும் மலைக்காடு அத்துணை விரைவில் மீளாது. தேசியப் பூங்காக்களினுள்ளே தீ மூட்டுதலைச் சட்டமே விலக்கியிருக்கின்றது. முன்னோர் வழக்கம் என்று சொல்லி அங்கே கல்லைக் கூட்டுவது முன்னோரை இழிவு செய்வதாகும். இடமறிந்தன்றோ அவர் தீ மூட்டினர்!

சிற்றடுப்புத் தன் தீயைத் தன்னுள் அடக்குவது; திருகியதும் அணைவது; தணலை விட்டுச் செல்லாதது. இதன் குலமுதல்வன் நம் குசினிகளுக்கும் பழையவனே. 1892ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து லிண்ட்குவிஸ்ற் என்பார் ஆக்கிய பிறைமஸ் அடுப்பு, மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி, சூடேறிய குழாயில் ஆவியாக்கி, நீலச்சுவாலையாய் எரிப்பது. 1911இல் தென்முனையை அடைந்த அமுன்சென் பனியை உருக்கி நீர் பெற்றதும் இத்தகைய அடுப்பினாலேயாம். இன்று வாயுக்கலத்தில் எரிவனவும் பெற்றோலில் எரிவனவும் உள. பெற்றோலடுப்பு மோட்டார் சைக்கிளுக்கு மிகப் பொருந்தும். வண்டியின் தாங்கியே அதற்கும் எண்ணெய்க்கலம். எனினும் மழைக்கு அஞ்சி எந்த அடுப்பையும் கூடாரத்தினுள் எரித்தல் கூடாது. காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாதது. உறங்குவோன் உறக்கத்திலேயே மாள்வான்.

இளைஞர் பாற் குறை இல்லாமலில்லை. கடையில் விற்பதையெல்லாம் வாங்கிப் பின்னிருக்கைக்குப் பின்னே கோபுரமாய்க் கட்டுகின்றனர். பின்சில்லுக்கு அப்பால் உயரமாய்ப் பாரம் ஏறினால் முன்சில்லின் பிடி தளரும். ஹட்டன் வளைவுகளில் அது விளையாட்டன்று. பாரமானவை தாழ்வாகவும் நடுவை அணுகியும் இருத்தல் வேண்டும். உணவைத் தேர்ந்தெடுத்தாற் பாரமும் குறையும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால், பருப்பும் அரிசியும் வேக நெடுநேரம் செல்லும். புழுக்கொடியலுக்கு அடுப்பே வேண்டா. ஒரு தேங்காய்ச் சொட்டு உடனிருந்தால் ஒருவேளை கழிந்துவிடும். பனாட்டு மாதக்கணக்கிற் கெடாது. வறுத்த உளுத்தம்மாவும் அரிசிமாவும் சர்க்கரையும் கொண்டுபோனால், நீர் கொதித்த சிறிது நேரத்திற் களி ஆயிற்று. இவையெல்லாம் வீட்டிலிருக்க, தகரத்திலடைத்த மீனைச் சுமந்து சென்று, வெறுந்தகரத்தை ஓடைக்கரையில் எறிந்து வருகின்றார்களே, அதற்கு என்ன பெயரிடுவது?

மூன்று கல்லையே விரும்பும் நண்பர்க்கு மணற்காட்டு மணலிருக்கின்றது. சவுக்கங் காட்டுக்கு எட்டத்தில், காற்று விழுந்த பொழுதில், கல்லைக் கூட்டி ஒடியற்கூழ் காய்ச்சுக. அதற்குப் பெரும்பானையும் பத்துப்பேர் கூட்டமும் வேண்டும். சிற்றடுப்பு அதற்கு ஆற்றாது.