'மஸ்ட்' சொல்லி மாட்டிக்கொண்டேன்!

என் கணவருக்கு பெங்களூருக்கு மாற்றலாகிப் போன புதிது. மூன்றாவது படிக்கும் பையனுக்கு அம்மை வார்த்து, ஒரு பரீட்சை எழுத முடியவில்லை. மறுபரீட்சை கேட்கப் பள்ளிக்கூடம் போனேன். டீச்சருக்குத் தமிழ் தெரியாது; எனக்குக் கன்னடம் வராது. கைகூப்பாத குறையாக, "யூ மஸ்ட் கிவ் ஹிம் எ டெஸ்ட்" என்றேன். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "மஸ்ட்?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ராத்திரி, பத்தாவது படிக்கும் என் பெண்தான் விளக்கினாள். "நீ கெஞ்சறதா நினைச்சேம்மா. அவங்களுக்கு அதட்டலா கேட்டிருக்கும்!"

யோசித்தால் சரிதானே, சகோதரிகளே? "நீங்கதான் பெரிய மனசு பண்ணிக் கொடுக்கணும்" என்றால் தமிழில் அது கெஞ்சல். அந்தக் 'கொடுக்கணும்' ஆங்கிலத்தில் 'மஸ்ட்' ஆனால் உத்தரவு! நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. 'உட்காருங்க' என்றாலே மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் குழந்தைக்கும் 'யூ', கலெக்டருக்கும் 'யூ'தான். அதனால் மரியாதையை வேறு சின்ன வார்த்தைகள் சுமக்கின்றன.

கேட்கும்போது: பழகினவர்களிடம் 'கேன் யூ ஹெல்ப் மீ?' போதும். புதியவர்களிடம் 'குட் யூ ஹெல்ப் மீ, ப்ளீஸ்?' (இது 'நல்லது' என்கிற குட் இல்லை, 'கேன்' என்பதன் பணிவான அக்கா!) 'ஐ வாண்ட் வாட்டர்' வேண்டாம், 'மே ஐ ஹாவ் சம் வாட்டர்?' என்று கேளுங்கள்.

'இஃப்' வரும்போது: அவர் வரக்கூடும் என்றால், 'இஃப் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.' வருவது சந்தேகம், சும்மா ஒரு பேச்சுக்கு என்றால், 'இஃப் ஹீ கேம், ஐ வுட் டெல் ஹிம்.' நமக்கு இரண்டுக்கும் 'வந்தால்' ஒன்றேதான், அதனால்தான் குழம்புகிறோம். வராமலே போய்விட்டார், வந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றால், 'இஃப் ஹீ ஹாட் கம், ஐ வுட் ஹாவ் டோல்ட் ஹிம்.' சாதாரணமாக 'வில்', 'வுட்' இரண்டும் 'இஃப்' இல்லாத பாதியில்தான் வரும்.

மறுநாள் மறுபடி போனேன். "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கிவ் ஹிம் எ டெஸ்ட்" என்றேன். பாதி ராத்திரி வரை மனப்பாடம் செய்த வாக்கியம்! டீச்சர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மறுபரீட்சை வைக்கும் வழக்கம் அங்கே இல்லையாம். மற்றப் பரீட்சை மார்க்கை வைத்துப் பார்த்துக்கொள்வதாகப் பொறுமையாகச் சொன்னார். நேற்றைய 'மஸ்ட்'டுக்கு 'ஸாரி' சொன்னேன்; சிரித்துவிட்டார்.

கேட்டது கிடைக்கவில்லைதான். ஆனால் தலை குனியாமல் வீடு திரும்பினேன். நீங்களும் பருப்பு வேகிற நேரத்தில் தினம் இரண்டு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கூச்சம் தானே போய்விடும்!