ஆற்றுக்கு இருகரை, மொழிக்கு எத்தனை எழுத்து?

ஈரானின் வடமேற்கு மூலையில், அராசு ஆற்றின் தென்கரையில், சுல்பா என்னும் சிற்றூர் உள்ளது. வடகரையிலும் ஓர் ஊர். அதன் பெயரும் சுல்பாவே. வடகரை, அசர்பைசான் குடியரசைச் சார்ந்த நகிச்செவான், தென்கரை ஈரான். இருகரையிலும் வாழ்வோர் அசர்பைசானியர். பேசுவது ஒரே மொழி. இடையில் ஓடும் நீரை எல்லையாக்கியவர் அம்மக்களல்லர். உருசியப் பேரரசும் பாரசீகப் பேரரசும் 1828இல் துருக்மென்சாய் என்னுமிடத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. பங்கு பிரித்தவர் இருவர். பங்கு போடப்பட்டவரை எவருங் கேட்டிலர்.

நிலம் பிரிந்தும் எழுத்து நெடுங்காலம் பிரியாதிருந்தது. இருகரையினரும் அரபு எழுத்திலேயே எழுதினர். 1920களில் வடகரையில் இலத்தீன எழுத்துப் புகுந்தது. 1929இல் அதுவே கட்டாயமாயிற்று. பத்தாண்டு கழிந்ததும், 1939–40இல், மாசுக்கோவின் விருப்பப்படி சிரில்லிய எழுத்து! சோவியத்து ஒன்றியங் குலைந்த 1991இல் மீண்டும் இலத்தீனம்! 1915இல் பிறந்து நீடு வாழ்ந்த ஒருவர், தம் தாய்மொழியைப் படிக்க எத்தனை முறை முதலெழுத்திலிருந்து தொடங்கியிருத்தல் வேண்டும்! தென்கரையினரோ அரபு எழுத்திலேயே நின்றனர். வடகரை அண்ணன் எழுதிய மடலைப் பிறர் படிக்கக் கேட்டால் தென்கரைத் தம்பிக்கு விளங்கும். அவன் கையிற் கொடுத்தால் விளங்காது. முள்வேலியினும் வலிய வேலி இது.

தென்கரையில் எழுத்து மாறவில்லை. மொழிக்கே இடமில்லாமற் போயிற்று. இரேசா சா ஆட்சியில் (1925–1941) பள்ளியிலும் அலுவலகத்திலும் பாரசீகமே திணிக்கப்பட்டது. 1945 இறுதியில் தபிரீசில் பிசேவரி தலைமையில் அமைந்த தன்னாட்சியரசு, அசர்பைசானியத்தை ஆட்சிமொழியாக்கிற்று. பள்ளிக்கு அம்மொழிப் பாடநூல்கள் வந்தன. எல்லாம் ஓராண்டே! 1946 திசம்பரில் ஈரானியப் படை புகுந்தது, அந்நூல்கள் தீக்கிரையாயின. (சோவியத்துப் படையின் நிழலில் எழுந்த அரசு அது என்பர். உண்மையே. பாடநூல் என்ன குற்றஞ் செய்தது?)

1979ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, வட்டார மொழிகளைச் செய்தித்தாள்களிற் பயன்படுத்தலாம், அவற்றின் இலக்கியத்தைப் பாரசீகத்தோடு பள்ளிகளிற் கற்பிக்கலாம் என்கின்றது. அந்த ‘லாம்’ இருக்கின்றதே, ஆட்சியாளர்க்கு அதனினும் உகந்த ஈறு வேறில்லை! பள்ளிக்கல்வி இன்றும் பாரசீகத்திலேயே நடைபெறுகின்றது. அறியா மொழியிற் பாடங் கேட்டு விழிக்கும் குழந்தைகளை வகுப்பறையிற் கண்டு எழுதியவர், ‘சின்னக் கறுப்பு மீன்’ படைத்த ஊர்ப்புற ஆசிரியர் சமது பெகரங்கி. 1968இல், இருபத்தொன்பதாம் அகவையில், இதே அராசு ஆற்றில் மூழ்கி இறந்தார்.

வடகரைச் சுல்பாவைப் பற்றி இன்னொன்றையும் மறைத்தலாகாது. அது முன்னாளில் ஆர்மீனிய வணிகர் ஊர். பாரசீக மன்னன் அப்பாசு 1604–05இல் அவர்களை வேரோடு பெயர்த்து இசுபகானுக்குக் கொண்டுசென்றான். அவர்தம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைக் கற்களில் எஞ்சியவற்றை அசர்பைசான் படையாட்கள் 2005 திசம்பரில் நொறுக்கினர்; தென்கரையிலிருந்தோர் படம்பிடித்தனர். பாக்கூ அரசு மறுக்கின்றது, கற்களோ அங்கில்லை. தம் எழுத்தைப் பிறர் மாற்றியதற்கு நோகின்ற மக்களின் அரசு, பிறர் எழுத்துப் பொறித்த கல்லை உடைத்தது வெட்கக்கேடு.

1989 திசம்பர் 31இல் நகிச்செவான் எல்லை நெடுகிலும் மக்கள் திரண்டு சோவியத்து வேலிகளைப் பெயர்த்தெறிந்தனர். ஆற்றைக் கடந்து உறவினரைக் கண்டோரும் உண்டு. இரண்டாண்டில் அவ்வொன்றியமே மறைந்தது. இன்றும் வடகரைக் குழந்தை இடமிருந்து வலமாக எழுதுகின்றது. தென்கரைக் குழந்தை வலமிருந்து இடமாக, அதுவும் பாரசீகத்தில்.