அரபு நாட்டுப் பந்தி

பண்பொழியிலிருந்து செங்கோட்டைக்கும் கடையநல்லூருக்கும் போகிற பஸ்களில் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால், குற்றாலத்துச் சாரலுக்கு அடுத்தபடியாக அடிபடும் பெயர்கள் துபாய், தோஹா, ரியாத், மஸ்கட் என்பவைதாம். முன்னாளில் இந்தப் பக்கத்து ஜனங்கள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பலேறினார்கள். 1970-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏற, பிரயாணம் மேற்கே திரும்பிவிட்டது. நம்மிடம் படித்த பிள்ளைகளிலும் பலர் அங்கே இருக்கிறார்கள்.

லீவில் வருகிறவர்களிடம், "அங்கே சாப்பாடெல்லாம் எப்படியப்பா?" என்று கேட்போம். "நம்ம சாப்பாடுதான் ஸார், ரூமிலேயே சோறும் குழம்பும் வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆயினும் ஒரு தேசத்தில் பத்து வருஷம் உழைத்துவிட்டு, அந்தத் தேசத்து அடுப்பில் என்ன வேகிறது என்றே அறியாமல் திரும்புவதும் ஒரு நஷ்டந்தானே? ஆகையால், புறப்படுகிறவர்களுக்கும், அவர்களைப் பார்க்கப் போகும் தாய் தந்தையருக்கும் சில விஷயங்கள் சொல்லி வைக்கிறோம்.

முதலில் காப்பி. கும்பகோணத்து டிகிரி காப்பியை எதிர்பார்த்தால் ஏமாற்றந்தான். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. இளவறுவலாக வறுத்த கொட்டையுடன் ஏலம் சேர்த்துக் கொதிக்க வைத்த வெளிர் மஞ்சள் பானம் அது. பிடியில்லாத சிறு கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சமாக ஊற்றி மறுபடி மறுபடி ஊற்றுவதே உபசாரம். வலக்கையால் வாங்க வேண்டும். போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாதவருக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்! கசப்புக்குத் துணையாகப் பேரீச்சம்பழம் வரும். இந்த உபசாரத்தை 2015-ஆம் வருஷம் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதில் மணக்கும் ஏலம் ஆதியில் நம் மேற்கு மலைகளிலிருந்து போனது. இன்றைக்கோ, கடல் கடந்த குவாத்தமாலா தேசத்து ஏலம் அந்தச் சந்தையில் முந்திக்கொண்டிருக்கிறது. நம் மலைத்தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது 'ஹரீஸ்'. முழுக் கோதுமையை ஊற வைத்து, இறைச்சியுடன் மணிக்கணக்கில் வேகவிட்டு, மரத் துடுப்பால் இரண்டும் ஒன்றாகும்வரை மசித்து, மேலே நெய் வார்ப்பார்கள். நம் பக்கத்துப் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். கல்யாணத்துக்கும் ரமலானுக்கும் இது இல்லாமல் தீராது. 2023-இல் இதற்கும் யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது. புலால் உண்ணாதவர்கள் வெறும் கோதுமைக் கஞ்சி என்று எண்ணிக் கை வைத்துவிட வேண்டாம்.

சோற்றில் பிரதானமானது 'மச்பூஸ்'. சவுதி அரேபியாவில் அதன் உடன்பிறப்புக்குக் 'கப்ஸா' என்று பெயர். இறைச்சி வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவிடுவார்கள். மச்பூஸில் 'லூமி' என்ற சரக்கு விசேஷம். எலுமிச்சையை முழுசாக உப்பு நீரில் கொதிக்க வைத்துக் கறுக்கும்வரை வெயிலில் காய வைத்தது அது. உப்பு நார்த்தங்காய்க்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஏமன் தேசத்து 'மந்தி'க்கு நிலத்தில் குழித்த அடுப்பில், புகை மணக்க இறைச்சி வேகும். ஓமானில் 'ஷுவா' இன்னும் பொறுமையான சமையல். மசாலை தடவிய இறைச்சியை இலையில் பொதிந்து, நெருப்புக் குழியில் புதைத்து, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துப் பெருநாளன்று எடுப்பார்கள்.

சைவர்களுக்கு என்ன உண்டு? 'லுகைமாத்' உண்டு. புளித்த மாவை உருட்டிப் பொரித்துப் பேரீச்சம் பாகும் எள்ளும் தூவியது. காகிதம்போல் மெல்லிய 'ரகாக்' ரொட்டி உண்டு. 'பலாலீத்' என்பது ஏலமும் குங்குமப்பூவும் சேர்த்த இனிப்புச் சேமியா. அதன்மேல் முட்டை அடை போர்த்துவது வழக்கமாதலால், வேண்டாதவர் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் முற்றிலும் அந்நியப் பதார்த்தங்கள் என்று நினைக்க நியாயமில்லை. புளிக்கு அராபியர் இட்ட பெயரே 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் 'தமர் ஹிந்தி'. 1966 வரையில் துபாய்க் கடைத்தெருவில் செலாவணியானதும் நம் ரிஸர்வ் பாங்கு வெளியிட்ட ரூபாய்தான். பண்டமும் பணமும் பழகிய வழியில் மனிதன் பழகுவதற்கு என்ன தடை?

கையில் காசில்லாத தொழிலாளிக்கும் ஒரு வழியுண்டு. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்பு திறக்கும் வேளைக்கு எல்லோருக்கும் பொதுவாக உணவிடுகிறார்கள். அபுதாபியின் ஷேக் ஸாயித் பெரிய பள்ளிவாசலில் தினந்தோறும் பல்லாயிரம் பேர் உண்கிறார்கள். அந்த வரிசையில் உட்காருவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இவ்வளவும் எழுதும்போது இன்னொரு நினைவும் வருகிறது. நம் ஊர்களில் கட்டிட வேலைக்கு வந்திருக்கும் பீஹார், ஒடிஷாப் பிள்ளைகளும் பத்துப் பேர் ஓர் அறையில் அடைந்து, தாங்களே ரொட்டி சுட்டுத் தின்கிறார்கள். தம் பிள்ளைக்கு மஸ்கட்டில் யாராவது ஒரு கிண்ணம் காப்பி நீட்டமாட்டார்களா என்று ஏங்கும் தாய்மார்கள், அடுத்த பண்டிகையன்று இந்தப் பிள்ளைகளுக்கும் ஓர் இலை போட்டுப் பார்க்கட்டுமே.