அப்பாவுக்கு உடம்பு வலியா? அட்டையைப் பாருங்க!

வீக் எண்டுல ஊருக்குப் போறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? அப்பாவோட மாத்திரை டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்க. அட்டையில 'அடோர்வாஸ்டாடின்', 'ரோசுவாஸ்டாடின்'னு இருந்தா, அது கொலஸ்ட்ரால் மாத்திரை. அப்பா சாயங்காலம் சரக்கும் போடறவர்னா, இந்த வாரம் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

இந்த மாத்திரைக்கும் நம்ம தஞ்சாவூருக்கும் ஒரு சொந்தம் உண்டு. அரிசி! ஜப்பான்ல விவசாயக் குடும்பத்துல பிறந்த அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதிச்சார். 1973-ல் முதல் ஸ்டாடின் கிடைச்சது, கியோட்டோ தானியக் கடை அரிசியில இருந்து எடுத்த பூஞ்சையில!

கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிற முக்கிய ஃபேக்டரி நம்ம கல்லீரல். ஸ்டாடின் வேலை பார்க்கறதும் அங்கேதான். சரக்கைச் சமாளிக்கறதும் அதே கல்லீரல்தான். எப்பவாவது கொஞ்சம் குடிக்கறதால மாத்திரையோட பெரிய மோதல் வர்றது குறைவு. தினமும் குவார்ட்டர்னா கதையே வேற. கல்லீரல் கெடும், ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பும் ஏறும்.

ஸ்டாடின் சிலருக்குத் தசை வலி தரும். நிறைய குடிக்கறவங்களுக்கு அந்த ரிஸ்க் ஜாஸ்தி. இங்கதான் நம்ம ஊர்ச் சிக்கல். வரப்பு வெட்டி, நாத்துக்கட்டு தூக்கிட்டு வர்றவர் 'உடம்பு வலி'ன்னா யார் சந்தேகப்படுவாங்க? வலிக்கு மருந்துன்னு ஒரு கட்டிங் உள்ளே போகும். வலி மரத்துப் போகும்; காரணம் அப்படியே இருக்கும்.

அதனால கவனிங்க. வயல் வேலை இல்லாத நாள்லயும் தொடை, தோள் வலிக்குதா? டாக்டரைப் பார்க்கணும். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் கலர்ல போகுதா, கண்ணு மஞ்சளா இருக்கா? அன்னிக்கே ஆஸ்பத்திரி. தசை சிதைஞ்சு கிட்னியைத் தாக்கறது அபூர்வம்தான், வந்தா ஆபத்து.

'இன்னிக்குப் போட்டிருக்கேன், மாத்திரை வேணாம்'னு விடறதும் தப்பு பாஸ். மாரடைப்பைத் தடுக்கத்தான் அந்த மாத்திரையே. நிறுத்தறதா, மாத்தறதான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். அதுக்கு அப்பா எவ்வளவு குடிக்கறார்ங்கற நிஜக் கணக்கு அவருக்குத் தெரியணும். அம்மா பக்கத்துல நின்னா அது வெளியே வராது! அடுத்த தடவை நீங்க கூட்டிட்டுப் போங்க. அஞ்சு நிமிஷம் அப்பாவை டாக்டரோட தனியா விட்டுட்டு, நீங்க வெளியே பெஞ்சுல உட்காருங்க.